குற்றப் பக்கத்தில் பிள்ளையின் பதிலுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தனியார் பள்ளிகளில் மாணவர் ஒழுங்குப் புகார்கள் மென்பொருளுக்கு மாறிவருவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வருகைப் பதிவு, கட்டண பாக்கி, வேன் எந்தத் தெருவில் வருகிறது என்பவற்றோடு இப்போது ‘டிசிப்ளின்’ என்றொரு பக்கமும் பள்ளிச் செயலிகளில் சேர்ந்திருக்கிறது. பிள்ளை என்ன சேட்டை செய்தாலும் அடுத்த நிமிடமே பெற்றோருக்குத் தகவல் போய்விடுவதைக் கட்டுரையாளர் பெரிய முன்னேற்றமாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளம்தான். வெட்ட வேண்டியிருந்தால் சட்டப் பிரிவுகளை வெட்டுங்கள், பிள்ளைகள் கதையை வெட்டிவிடாதீர்கள்.

சாத்தூர் வட்டாரத்தில் ஒரு சுயநிதி மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். கடைசியில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். ஒழுங்குக் குழு என் பொறுப்பில் இருந்தது. மென்பொருள் வந்ததும் அதில் ஏறும் புகார்களைப் பார்த்து ‘முடிந்தது’ என்று போடுகிற வேலையும் என்னிடமே வந்தது. கணினி வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. என் குறை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் ஆசிரியர் சொன்னது ஏறுகிறது, பிள்ளை சொன்னதற்கு இடமில்லை. ஏறிய பிறகு அதை இறக்கவும் வழியில்லை.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது ஒரு லாங் சைஸ் நோட்டு. தலைமையாசிரியர் மேசையின் கீழ் இழுப்பறையில் கிடக்கும். சண்டை போட்டவன், சுவரேறிக் குதித்தவன், பரீட்சையில் பிட் வைத்திருந்தவன் எல்லோருக்கும் அதில் ஒரு தேதியும் இரண்டு வரியும் இருக்கும். கூடவே மன்னிப்புக் கடிதங்களுக்கு ஒரு ஃபைல். ‘இனிமேல் இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்’ என்று முடியும் அந்தக் கடிதங்களை நன்றாக எழுதுகிற பையன் எழுதிக்கொடுக்க, குற்றவாளி கையெழுத்து மட்டும் போடுவதும் உண்டு. அந்த நோட்டில் எல்லாம் நியாயமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இவன் அப்பா யார், அவன் மாமா யார் என்று பார்த்துப் பெயரை விடுவது அதிலும் இருந்தது. நிர்வாகத்துக்குச் சொந்தக்காரப் பையன் பெயரை அதில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆனால் மே மாதம் பழைய விடைத்தாள்களோடு அதுவும் பேப்பர்காரர் தராசில் ஏறிவிடும். ஜூனில் புது நோட்டு. பழைய கதை ஆசிரியர்கள் ஞாபகத்தில் இருக்கும், அதுவும் பாதி மறந்துபோய்.

மென்பொருளில் பதிவது மிகச் சுலபம். வகுப்பு, பிரிவு, பெயர். குற்றத்தின் வகைக்கு ஒரு பட்டியல்: தாமதம், சீருடை விதிமீறல், வீட்டுப்பாடம் செய்யாமை, எதிர்த்துப் பேசுதல், கைபேசி, சண்டை, திருட்டு. ஒன்றைத் தொட்டதும் அது மைனரா மேஜரா என்று தானே முடிவுசெய்து புள்ளி போட்டுவிடும். எங்கள் பள்ளியில் தாமதத்துக்கு 1, சீருடைக்கு 2, எதிர்த்துப் பேசினால் 5, சண்டைக்கும் திருட்டுக்கும் 10. விவரம் எழுத அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கட்டாயமில்லை என்பதால் முக்கால்வாசிப் பேர் காலியாக விட்டுவிடுவார்கள். ‘பெற்றோருக்குத் தெரிவி’ என்ற பொத்தான் திறக்கும்போதே பச்சையில்தான் இருக்கும், ஞாபகமாக அணைத்தால் உண்டு. ‘சேமி’யைத் தொட்டால் வேலை முடிந்தது. பீரியட் முடிவதற்குள், பையன் பெஞ்சில் நின்றுகொண்டிருக்கும்போதே, அவன் வீட்டுக்குச் சேதி போயிருக்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பெயரில் ‘எதிர்த்துப் பேசுதல்’ ஏறியிருந்தது. கூப்பிட்டு, ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை எழுது என்றேன். ‘டீச்சர் போர்ட அழிச்சிட்டாங்க. நான் இன்னும் முடிக்கலன்னேன். எல்லாரும் முடிச்சாச்சுல்ல ஒனக்கு மட்டும் என்னன்னாங்க. பின்னாடி இருந்து தெரியல டீச்சர்னு சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்’ என்று எழுதினான். ஆசிரியையும் மறுக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு இடைவெளியில்லாமல் நான்காவது பீரியட், தலைவலி வேறு. பையனைக் கண் டாக்டரிடம் காட்டச் சொன்னோம், கண்ணாடி போட்டார்கள். இவ்வளவு நடந்தும் அவன் பக்கத்தில் இருப்பது ‘எதிர்த்துப் பேசுதல், மேஜர், 5’. அவன் எழுதிய தாளை எங்கே ஏற்றுவது? அதற்கான கட்டமே அதில் கிடையாது.

இன்னொன்று இன்னும் மோசம். ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் எடுத்திருப்பாள் என்று நாலைந்து பிள்ளைகள் சொல்ல, வகுப்பாசிரியர் ‘திருட்டு’ என்று போட்டுவிட்டார். மறுநாள் அறிவியல் ஆய்வகத்தில் நாற்காலிகளை ஒழுங்குபண்ணிய ஆயாம்மா அந்தப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார். தொலைத்த பிள்ளையே அங்கே வைத்துவிட்டு மறந்திருக்கிறாள். வகுப்பாசிரியர் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்தார், அது பெரிய மனசு. நான் போய்ப் புகாரை முடித்துவைத்தேன். முடித்தபின் திரையில் என்ன நின்றது என்றால், ‘திருட்டு – மேஜர் – முடிந்தது’. நடக்காத திருட்டுக்கும் முடிந்துபோன திருட்டுக்கும் அந்த மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்த ஜூனில் எட்டாம் வகுப்புக்கு மாற்றியபோது பழைய பதிவும் கூடவே போனது. அவள் பெயரின் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடி. புது வகுப்பாசிரியைக்கு முன்கதை தெரியாது. செப்டம்பரில் யாரோ ஒரு பிள்ளையின் வேன் காசு காணவில்லை என்றபோது முதலில் யாருடைய பையைத் திறந்து பார்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “மேடம், டிலீட் ஆப்ஷன் கிடையாது. எல்லாமே ஆடிட்டுக்குள்ள வரும். குளோஸ் மட்டும்தான் பண்ண முடியும்.”

“நடக்கவே இல்லாத விஷயம் தம்பி. குளோஸ் பண்றதுக்கு அங்க என்ன இருக்கு?”

“ஸ்கூல்ல ரிக்வெஸ்ட் குடுத்தா அடுத்த அப்டேட்ல பாக்குறோம் மேடம்.”

கட்டணப் பகுதியில் எதையும் அழிக்க முடியாமல் வைத்திருப்பது சரி, அது பணம். அதே விதியைத் தூக்கிப் பிள்ளைகள் பக்கத்திலும் போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். வேண்டுகோள் கொடுத்தோம். நான் ஓய்வு பெறும்வரை அந்த அப்டேட் வரவில்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். உண்மையிலேயே ஒரு சிறுவன் குற்றம் செய்து, சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டு, செய்தான் என்று முடிவும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அதனால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் அந்தப் பதிவுகளை அழிக்கவும் சொல்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் செய்யும் மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. சிறார் புதிதாகத் தொடங்க வழிவிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. திருடிய பிள்ளையின் பதிவை அரசாங்கமே அழிக்கிற நாட்டில், திருடாத பிள்ளையின் பதிவை அழிக்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு வழியில்லை.

‘உடனடித் தகவல்’ என்று கட்டுரை மெச்சுகிறதே, அது யாருக்குப் போகிறது? எங்கள் பக்கம் நிறைய அம்மாக்களுக்குப் பட்டாசு ஆலையில்தான் வேலை. ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது, வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வேன் ஏறும்போதுதான் பார்ப்பார்கள். அதுவும் சேர்க்கைப் படிவத்தில் அம்மா எண் இருந்தால். பல படிவங்களில் இருப்பது அப்பா எண், அல்லது பக்கத்து வீட்டு எண், அல்லது மாமா எண். ஒரு பையனின் அப்பா குவைத்தில் டிரைவர். பள்ளியில் என்ன நடந்தது என்று வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது, குவைத்தில் இருக்கும் அப்பாவுக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தியதில் அந்த அம்மா மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு ஓடிவந்தார். ஒரு நாள் சம்பளம் போச்சு. விசாரித்தால், ஷூவுக்குப் பதில் செருப்பு போட்டு வந்திருந்தான்.

குறுஞ்செய்தியின் வாசகமும் ஒரு காரணம். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி, 2021 முதல் கறாராக நடைமுறையில் இருக்கிறது. மோசடிச் செய்திகளைத் தடுக்க வந்த நல்ல விதிதான். ஆனால் பள்ளிகள் ஒரே ஒரு வாசகத்தைப் பதிந்து வைத்துக்கொள்கின்றன: ‘தங்கள் பிள்ளை இன்று ஒழுங்கீனச் செயலில் ஈடுபட்டுள்ளார், பள்ளி முதல்வரைச் சந்திக்கவும்.’ பெயரும் வகுப்பும் தேதியும் மட்டும் மாறும். செருப்புக்கும் அதே வரிதான், மண்டையை உடைத்தவனுக்கும் அதே வரிதான்.

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் குறிப்பு லேசான விஷயம் இல்லை. 2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் கொன்றான். டைரியில் அந்த ஆசிரியை எழுதி அனுப்பிய குறிப்புகளைப் பற்றி அப்போது உங்களைப் போன்ற நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. அந்த ஆசிரியை செய்தது அவர் கடமை. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. எங்கள் ஆசிரியர் அறையில் பல நாள் அதே பேச்சுதான், யாருக்கும் டைரியில் சிவப்பு மை தொட மனசு வரவில்லை. டைரியிலாவது எழுதும்போது கை கொஞ்சம் யோசிக்கும், பிள்ளையின் முகம் தெரியும். பட்டியலில் ஒன்றைத் தொடும்போது அந்த நிதானத்துக்கு நேரமே இல்லை.

ஆசிரியர்கள் பக்கமும் பேச வேண்டும். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-ல் திருத்தப்பட்டு அடிக்கும் தண்டனை போனது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுத்தது. இரண்டும் வந்ததில் எனக்குச் சந்தோஷம். “கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க டீச்சர்” என்று சொல்லிப் பிள்ளையை விட்டுப்போன அப்பாக்களைப் பார்த்தவள் நான். ஆனால் பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள், ஐம்பது அறுபது பேர் இருக்கும் வகுப்பை எப்படி நடத்துவது என்று பயிற்சி கொடுத்தார்களா என்றால் இல்லை. ஆலோசகர் வந்தாரா, இல்லை. அந்த நேரம் பார்த்து மென்பொருள்காரர் வந்து, இதைத் தொடுங்கள், பையன் அடங்கிவிடுவான் என்றார். வேறு வழி தெரியாதவர்கள் தொட்டார்கள்.

புள்ளிக் கணக்குக்கு ஒரு விபரீத முனையும் இருந்தது. மொத்தம் 30 ஆனதும் தாளாளருக்கு ‘நீக்கப் பரிந்துரை’ என்று தானாகவே அறிவிப்பு போகும். ஒருமுறை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு அப்படி வந்தது. தாமதம், சீருடை, வீட்டுப்பாடம் எல்லாம் சில்லறையாகச் சேர்ந்து சேர்ந்து 30. தாளாளர் கோபமாகக் கூப்பிட்டார். தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டினேன். “அதான் ஆல் பாஸையே மாத்திட்டாங்களே” என்றார். 2019-ல் மாறியது தேர்ச்சி பற்றிய பாதிதான், நீக்கக் கூடாது என்ற பாதி அப்படியே இருக்கிறது என்று அச்செடுத்து மேசையில் வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். அன்று நான் அறையில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கதை. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் அதிகப் புள்ளி வாங்கிய பத்துப் பேர் பெயரை வரவேற்பறை டிவியில் ஓடவிடுகிறார்களாம். மன உளைச்சல் என்று 17-ஆம் பிரிவு சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

இனி மென்பொருளால் கிடைத்த நல்லதையும் எழுதுகிறேன், அதுவும் உண்மை. அரையாண்டு விடுமுறையில் பொழுது போகாமல் தாமதப் பதிவுகளை மட்டும் இறக்கி ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பகுதி ஒரே வழித்தடத்தில் உள்ள மூன்று கிராமங்கள். காலையில் ஒரே ஒரு டவுன் பஸ், அதன் நேரத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்றுதான் அதுவரை பேச்சு. நோட்டுப் புத்தகம் இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை, யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அச்செடுத்த பட்டியலோடு டெப்போவுக்குப் போய் மனு கொடுத்தோம். பஸ் நேரம் மாறவில்லை. அந்த மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசலில் கால் மணி நேரம் விட்டுக்கொடுத்தோம், தாமதப் பதிவு கிட்டத்தட்ட நின்றே போனது. அதேபோல, பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்த வகுப்புகளில்தான் மதியத்துக்கு மேல் சண்டை அதிகம் என்பதும் தெரிந்தது. கணக்கு ஆசிரியர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம், எண்கள் சொன்னதைச் சொன்னேன். ‘எதிர்த்துப் பேசுதல்’ பதிவுகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு ஆசிரியர் போட்டவை என்பதும் அப்படித்தான் வெளியே வந்தது. அவரிடம் பேச வேண்டியவர்கள் பேசினார்கள். பள்ளியைப் பற்றி நமக்கே தெரியாததைக் காட்டுவதில் இந்த மென்பொருள் கெட்டிக்காரத்தனமானது. தனி ஒரு பிள்ளையைப் பற்றி அது சொல்வதைத்தான் நம்ப முடியவில்லை.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். ‘சீருடை விதிமீறல்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் சட்டையை இன் பண்ணாதது, பெல்ட் போடாதது, பாக்ஸ் கட்டிங் முடி, கையில் கலர் கயிறு எல்லாம் வரும். எல்லாவற்றுக்கும் 2 புள்ளி. எந்தக் கலர் எந்தச் சாதியுடையது என்று இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆண்டறிக்கையில் ‘சீருடை விதிமீறல்’ என்று ஒரு எண் வரும். பெல்ட்டு எத்தனை, கயிறு எத்தனை என்று அதில் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு வகுப்பில் திடீரென்று கயிறுகள் கூடினால் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டியது பள்ளியின் வேலை. அந்த எச்சரிக்கையை மென்பொருள் விழுங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கையையும் உடன்படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய பிறகுதானே அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது? 2024 ஜூனில் வந்த அறிக்கை கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைத் தடை செய்யச் சொன்னது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. எங்கள் மென்பொருளில் சண்டைப் புகாரைத் திறந்தால் மேலே மாணவர் விவரம் வரும். புகைப்படம், பிறந்த தேதி, ரத்தவகை, அதற்கடுத்து பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று பிரிவு. உதவித்தொகைக்காக வாங்கிய விவரம் அது. சண்டையை விசாரிக்கிறவர் கண்ணில் அது ஏன் படவேண்டும்?

சண்டை என்றால் சம்பந்தப்பட்ட எல்லோர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறது. எல்லோருக்கும் 10. அடித்தவனுக்கும் 10, அடிவாங்கியவனுக்கும் 10. தினமும் ஒரு சொல்லைச் சொல்லிச் சீண்டுவதைப் பொறுத்துப் பொறுத்து ஒருநாள் கை ஓங்கியவன் கதை இதில் வரவே வராது. அதை அவன் வாயால் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். அவன் சொல்ல அரை மணி நேரம் ஆகும், முதல் இருபது நிமிடம் ஒன்றும் பேச மாட்டான்.

இந்தப் பக்கத்துக்குள் வரவே கூடாத புகார்களும் உண்டு. ‘தகாத நடத்தை’ என்று ஒரு வகை இருக்கிறது, மேஜர். ஒரு பிள்ளையைத் தவறாகத் தொட்டார்கள் என்ற புகாரை அதில் ஏற்றிப் புள்ளி போட்டு முடித்துவைத்தால், பள்ளியே குற்றம் செய்ததாகிவிடும். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவதற்கு 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்குக் கூடுதலாக. ஒழுங்குக் குழு விசாரிக்கும் விஷயமே இல்லை அது. அந்த வகையைத் தொட்டால் பதிவு திறக்காமல், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் தலைமையாசிரியரையும் அழைக்கச் சொல்லும்படி வைக்கலாம். பெரிய வேலை இல்லை.

2022-ல் மாணவர்கள் ஆசிரியர்களை மிரட்டும் காணொளிகள் பரவியபோது, மோசமாக நடப்பவர்களை நீக்கி மாற்றுச் சான்றிதழிலேயே காரணத்தை எழுதுவோம் என்று கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னது நினைவிருக்கும். அந்தக் காணொளிகளைப் பார்த்து எனக்கும் ரத்தம் கொதித்தது. இருந்தாலும் சான்றிதழில் ‘ஒழுக்கமும் பண்பும்’ என்ற இடத்தில் காலங்காலமாக எல்லோருக்கும் ‘நன்று’ என்று எழுதிவந்த தலைமையாசிரியர்கள் முட்டாள்கள் இல்லை. பதினைந்து வயதில் செய்ததை இருபத்தைந்து வயதில் வேலைக்குப் போகிற இடத்தில் யாரும் படிக்கக் கூடாது என்று தெரிந்தே எழுதினார்கள். இப்போது சில பள்ளிகள் நடத்தைச் சான்றிதழை மென்பொருளிலிருந்தே புள்ளிகளோடு அச்செடுக்க ஆரம்பித்திருக்கின்றன. ஜியாமெட்ரி பாக்ஸ் பெண்ணை நினைத்தால் எனக்குத் திக்கென்கிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்ற பொதுத் தடையிலிருந்து, கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் மட்டும் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு. தவறான விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை 12-ஆம் பிரிவில் இருக்கிறது. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அவகாசம் பள்ளிகள் தூங்குவதற்கு இல்லை.

நான் கேட்பதைத் தனியார் பள்ளிகள் இயக்ககம் ஒரே சுற்றறிக்கையில் செய்துவிடலாம். புகார் ஏறுவதற்கு முன் பிள்ளை தன் சொல்லில், தன் கையெழுத்தில் எழுதியதைப் படமெடுத்துச் சேர்த்தால்தான் ‘சேமி’ வேலை செய்ய வேண்டும். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை என்றால் அது சொல்வதை இன்னொரு ஆசிரியர் எழுத வேண்டும், புகார் கொடுத்தவர் எழுதக் கூடாது. பெற்றோருக்குச் செய்தி தானாகப் போகக் கூடாது. வகுப்பாசிரியர் போனில் பேச வேண்டும், அம்மா வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து. ‘நிரூபணம் இல்லை’ என்று முடித்தது அன்றே முழுதாக அழிய வேண்டும். மற்றவை ஆண்டு முடிவில் அழியட்டும். எந்த ஊர், எந்தப் பீரியட், எந்த வகை என்ற எண்ணிக்கை மட்டும் பெயரில்லாமல் இருந்தால் போதும், பஸ் விஷயம் போலக் கண்டுபிடிக்க அதுவே தாராளம். தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் தவிர வேறு யாருக்கும், கட்டணம் வாங்கும் அலுவலகத்துக்கோ தாளாளர் வீட்டு மடிக்கணினிக்கோ, இந்தப் பக்கம் திறக்கக் கூடாது. ஆலோசகர் இருக்கும் பள்ளியில் அவரையும் சேர்க்கலாம். புள்ளிகளை எடுத்தே விடலாம். அதனால் அடங்கிய பையன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை. 9 புள்ளியில் நிற்கிறேன், இன்னும் 21 இருக்கு என்று கணக்குப் போட்டுச் சேட்டை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் மென்பொருளில் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டணம் கட்டாத பிள்ளையின் தேர்வு முடிவை மட்டும் மறைக்க வேண்டும் என்று நிர்வாகங்கள் கேட்டபோது ஒரே வாரத்தில் செய்துகொடுத்தார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. உங்கள் செயலியில் தெரிவது முழுப் பக்கம் இல்லை, பள்ளிக்குள் திறக்கும் பக்கம் வேறு. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து, என் பிள்ளையின் ஒழுங்குப் பக்கத்தை உங்கள் திரையில் காட்டுங்கள் என்று கேளுங்கள். தவறாக எதுவும் இருந்தால் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். பெரும்பாலான பள்ளிகள் மென்பொருள் ஒப்பந்தத்தை ஏப்ரல், மே மாதங்களில் புதுப்பிக்கின்றன. கேட்பதை அதற்கு முன் கேட்டால்தான் நிறுவனத்துக்காரர் காது கொடுப்பார். கையெழுத்தாகிவிட்டால் மறுபடி அந்த உதவி எண்தான்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் தெரிந்தால் பள்ளி தெரியும், பள்ளி தெரிந்தால் மேலே சொன்ன பிள்ளைகள் யாரென்று எங்கள் ஊரில் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணைத் தலைமையாசிரியை,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.